சாய்த்துப் பார்த்து வாங்கிய காம்பஸ்

போன வருடம் மார்ச் மாதம் டெம்பிள் ரீஃபில் ஸ்கூபா டைவ் போய், திரும்பும்போது நங்கூரக் கயிற்றைத் தவறவிட்டு நானும் தம்பியும் மேலே வந்தபோது, படகு எங்களுக்குத் தெற்கே எழுபது மீட்டராவது தள்ளி நின்றது. ஆபத்து ஒன்றும் இல்லை. நாங்கள் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் எஸ்.எம்.பி. மிதவையை ஊதி விட்டோம், படகோட்டி அண்ணன் பார்த்துவிட்டு வந்து ஏற்றிக்கொண்டார். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடலூரில் பதினெட்டு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். காந்தவியல் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவேன். அப்படியிருந்தும், கையில் கட்டியிருந்த காம்பஸ், அதாவது திசைகாட்டி, என்னை ஏன் தப்பான பக்கம் கொண்டுபோனது என்று அன்று சொல்லத் தெரியவில்லை.

டெம்பிள் ரீஃப் என்பது புதுச்சேரிக் கரைக்கு அப்பால் சுமார் 18 மீட்டர் ஆழத்தில் கோயில் வடிவில் கட்டிவிட்ட செயற்கைத் திட்டு. கான்கிரீட், கல், பனை மரம், இரும்புக் கம்பி எல்லாம் அதில் உண்டு. மீன் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஆனால் திட்டை விட்டு வெளியே வந்தால் சுற்றிலும் வெறும் மணல். அன்று தண்ணீரில் நாலு மீட்டருக்கு மேல் எதுவும் தெரியவில்லை. திட்டிலிருந்து நேர் கிழக்கே ஐம்பது மீட்டர் போய், அப்படியே திரும்பி வருவது என்று மேலேயே பேசி வைத்திருந்தோம். காம்பஸில் போகும்போது 90 டிகிரி, வரும்போது 270 டிகிரி. எனக்கு முப்பது மீட்டருக்கு காலில் மாட்டும் ஃபின் துடுப்பால் இருபது ஜோடி அடி ஆகும், அதையும் எண்ணிக்கொண்டே போனேன்.

திரும்பும்போதுதான் தவறு நடந்தது. முகத்தை லேசாகக் கீழே தாழ்த்தி, மணலில் கிடந்த ஒரு திருக்கையைப் பார்த்தபடியே நீந்தினேன். அப்போது கையும் சாய்ந்திருக்கிறது. காம்பஸுக்குள் இருக்கும் வட்டத் தட்டு ஒரு ஓரத்தில் கண்ணாடியில் உரசி நின்றுவிட்டது. உரசி நின்ற தட்டு என் கையோடு சேர்ந்துதானே திரும்பும்? நான் நேராகப் போனாலும் 270 காட்டியது, வளைந்து போனாலும் 270 காட்டியது. அந்த எண்ணை நம்பி நிம்மதியாக நீந்திக்கொண்டே இருந்தேன். தப்பான எண்ணைக் காட்டியிருந்தால் கூடச் சந்தேகம் வந்திருக்கும்.

படகில் ஏறியதும் அண்ணன் சொன்னார்: "நீவாடு தெக்கேர்ந்து இழுக்குது டீச்சர். கொஞ்சம் எதுத்தாப்ல புடிச்சு வந்திருக்கணும்." அதுவும் உண்மை. நீவாடு என்று மீனவர்கள் சொல்லும் நீரோட்டத்தை எந்தக் காம்பஸும் காட்டாது. மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும், தண்ணீர் நம்மை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைச் சொல்லாது. ஆனால் அன்றைய நீவாடு மெதுவானது. எழுபது மீட்டருக்கு அதை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஐம்பது மீட்டர் தூரத்தில் 5 டிகிரி தப்பினால் ஏறக்குறைய 4.4 மீட்டர் விலகிப் போவோம். 10 டிகிரி தப்பினால் 8.7 மீட்டர். அந்தமானில் தெளிந்த தண்ணீரில் ஒன்பது மீட்டர் விலகினாலும் கயிறு கண்ணில் பட்டுவிடும். புதுச்சேரியில் நாலு மீட்டர் தெரியும் நாளில் 5 டிகிரிக்கே கயிறு போய்விடும். நம் கடலுக்கு நல்ல காம்பஸ் கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வீட்டுக்கு வந்து அந்தக் காம்பஸைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். ஆன்லைனில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வாங்கியது, பெட்டியில் கம்பெனிப் பெயர்கூட ஒழுங்காக இல்லை. மேசை மட்டமாக இருந்தது, ஆனால் உள்ளே இருந்த தட்டு மட்டமாக இல்லை. அதன் தெற்குப் பக்கம் தாழ்ந்து கிடந்தது. வடக்கு நோக்கி வைத்து, கிழக்கு நோக்கி வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் தெற்குப் பக்கம்தான் தாழ்கிறது. பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

பூமியின் காந்தப்புலம் எல்லா ஊரிலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. வடக்கே போகப் போகத் தரைக்குள் குத்திட்டு இறங்கும். அந்தக் கோணத்துக்குத்தான் காந்தச் சரிவு என்று பெயர். ஃபின்லாந்து போன்ற நாடுகளில் அது எழுபது டிகிரியைத் தாண்டும். அங்கே சாதாரண காந்த ஊசியின் வடமுனை கீழே இழுபடும், அதனால் தயாரிக்கும்போதே தென்முனைப் பக்கம் கொஞ்சம் எடை கூட்டிச் சமன் செய்கிறார்கள். நம் ஊரில் சரிவு மிகக் குறைவு. நாங்கள் நடத்தும் பாடப்புத்தகத்திலேயே சென்னைக்கு 14 டிகிரி 28 நிமிடம் என்று இருக்கும். சரிவே இல்லாத காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டுக்கு மிக அருகில் போவதால், தெற்கே போகப் போக இன்னும் குறையும். வடமுனையைக் கீழே இழுக்க இங்கே அவ்வளவு விசை இல்லை. ஆனால் தெற்குப் பக்கம் கூட்டிய எடை அப்படியே இருக்கிறது. அதனால் தெற்குப் பக்கம் தாழ்கிறது.

இதனால் என்ன ஆகிறது? ஒரு காம்பஸ் எவ்வளவு தூரம் சாயும்வரை தட்டு ஓடும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பில் ஒரு பங்கை நம் ஊர்க் காந்தச் சரிவே முதலில் தின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பதுதான் நம் கை ஆட்டத்துக்கு. மலிவான காம்பஸில் வரம்பே சிறியது, அதில் மிச்சம் என்று எதுவும் இருக்காது. கையைத் தட்டு மாதிரி மட்டமாகப் பிடித்தால் ஓடும், லேசாகச் சாய்ந்தால் நிற்கும். பதினெட்டு மீட்டர் ஆழத்தில், மிதப்பைச் சரிசெய்துகொண்டு, கூட வருபவரைப் பார்த்துக்கொண்டு, கையை மட்டமாகவே வைத்திருக்க யாரால் முடியும்?

அப்புறம் நான் நல்ல காம்பஸ் தேடி இறங்கினேன். எனக்கு அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் என்ற டைவ் படிப்பைச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளரிடம் கேட்டேன். அந்தப் படிப்பில் ஆழ்டைவும் நேவிகேஷன் டைவும் கட்டாயம், திசை பார்த்து நீந்தப் பழகும் அந்த நேவிகேஷன் டைவில் காம்பஸை வைத்துச் சதுரமாக நீந்த வைத்தவர் அவர்தான். "டீச்சர், சூண்டோ எஸ்.கே.-8 வாங்கிருங்க. இனிமே இதைப் பத்தி யோசிக்கவே வேணாம்" என்றார். நான் யோசிக்காமல் வாங்குகிற ஆள் இல்லை, கடைக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று சென்னைக்குக் கிளம்பினேன்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து காம்பஸ்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வடக்கு காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு வாடிக்கையாளர் எல்லாமே கெட்டுப்போனது என்று நினைத்துவிட்டார். கெடவில்லை. ஒவ்வொன்றிலும் காந்தம் இருக்கிறது, ஒன்றை ஒன்று இழுக்கிறது, அவ்வளவுதான். தண்ணீருக்கடியிலும் இதே கதைதான். இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று காம்பஸ் பார்த்தால் இரண்டுமே தப்பாகக் காட்டும்.

"தம்பி, இதை ஒவ்வொண்ணா வாசல்ல கொண்டுபோய்ப் பாக்கலாமா?" என்று கேட்டேன். கடைப் பையன் கொஞ்சம் தயங்கினான், ஆனால் கூடவே வந்தான். வாசலில் பைக்குகள் நின்றதால் அவற்றையும் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் போய் நின்று பார்த்தேன். சோதனை எளிது. முதலில் மட்டமாக வைத்து, தட்டு எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து முன்பக்கம் சாய்த்து, அந்தச் சாய்விலேயே உடம்போடு ஒரு முழுச் சுற்று திரும்ப வேண்டும். எண் ஓடிக்கொண்டே இருக்கிறதா, எங்கேயாவது மாட்டி நின்று பிறகு துள்ளுகிறதா என்று கவனிக்க வேண்டும். அப்புறம் இடப்பக்கம் சாய்த்து ஒரு சுற்று, வலப்பக்கம் சாய்த்து ஒரு சுற்று. கடைக்குப் போகிற யாரும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

எஸ்.கே.-8 அந்தச் சோதனையில் தனியாகத் தெரிந்தது. 30 டிகிரி வரை சாய்த்தாலும் ஓடும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். நான் கோணமானி கொண்டுபோய் அளக்கவில்லை. ஆனால் என் கை இயல்பாகப் போகிற எந்தச் சாய்விலும் அது நிற்கவில்லை. வட அரைக்கோளம், தென் அரைக்கோளம் என்று இரண்டு வகை வருகிறது. நமக்கு வட அரைக்கோள வகைதான், பெட்டியில் குறித்திருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். அதிலும் நம் ஊரில் தெற்குப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்துதான் நிற்கிறது, இயற்பியல் யாருக்கும் விலக்குத் தராது. ஆனால் வரம்பு பெரிது என்பதால் தாழ்ந்தது போக மிச்சம் நிறைய இருக்கிறது. நான் பணம் கொடுத்தது அந்த மிச்சத்துக்காகத்தான்.

சூண்டோ ஃபின்லாந்துக் கம்பெனி. திரவம் நிரப்பிய காம்பஸைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்ட தூமாஸ் வோலோனென் 1936-ல் தொடங்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், டைவ் காம்பஸில் அந்தத் திரவம்தான் உயிர். தட்டு ஆடாமல் நிதானமாகத் திரும்புவது அதனால். ஆழத்தில் கண்ணாடி நசுங்காமல் இருப்பதும் அதனால்தான். 18 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல 2.8 மடங்கு, உள்ளே காற்று மட்டும் இருந்தால் அவ்வளவையும் கண்ணாடியே தாங்க வேண்டியிருக்கும். வாங்கும்போது உள்ளே பெரிய காற்றுக்குமிழி இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தட்டு அதில் முட்டி நிற்கும்.

இனி பயன்படுத்திய அனுபவம். ஆறு மாதத்தில் பதினோரு டைவ்.

போகும் திசையைக் குறித்து வைக்க மேலே சுழலும் வளையம் 'கிளிக் கிளிக்' என்று தட்டித் தட்டித் திரும்புகிறது. ஒருமுறை வைத்துவிட்டால் கை பட்டு நகர்வதில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. பழையதில் வளையம் வழுவழுவென்று தானாகவே ஓடிவிடும். எண்கள் பெரியவை. நாற்பத்துமூன்று வயதில், வெள்ளெழுத்துக் கண்ணோடு, கலங்கிய தண்ணீரில் படிக்க முடிகிறது. டார்ச் வெளிச்சம் காட்டிவிட்டு அணைத்தால் தட்டு ஒளிர்கிறது, இரவு டைவில் பார்த்தேன். பக்கவாட்டிலும் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால், எதிரே ஒரு பாறையையும் அதன் திசை எண்ணையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். என் தம்பிக்கு ஜன்னல்தான் பிடித்திருக்கிறது, எனக்கு மேலிருந்து பார்ப்பதுதான் வசதி.

எப்படிப் பிடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல காம்பஸையும் கெட்ட பிடி வீணாக்கிவிடும். காம்பஸ் என் இடது மணிக்கட்டில் இருக்கிறது. வலது கையை நேராக முன்னால் நீட்டி, இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். அப்போது காம்பஸ் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், நடுக்கோடும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்கும். காம்பஸ் நேராக இருந்து உடம்பு கோணலாக இருந்தால் உடம்பு போகிற பக்கம்தான் நாம் போவோம்.

மாட்டும் முறையில் மூன்று நாலு வகை கிடைக்கிறது. கடிகாரம் போல ரப்பர் பட்டை, மீள்கயிறு, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ரிட்ராக்டர், அழுத்தமானியோடு சேர்த்த கன்சோல். நான் மீள்கயிறு எடுத்தேன். ஆழத்தில் வெட்சூட் என்ற ரப்பர் உடை நசுங்கி மெல்லியதாகும், கரையில் இறுக்கிக் கட்டிய பட்டை அங்கே தொளதொளவென்று சுற்றும். மீள்கயிறு கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். நம் கடலுக்கு மூன்று மில்லிமீட்டர் வெட்சூட் போதும், அதில்கூட வித்தியாசம் தெரிகிறது. கன்சோலில் காம்பஸ் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது இடுப்புப் பக்கம் தொங்கும். ஒவ்வொரு முறையும் எடுத்து மட்டமாகப் பிடிக்க வேண்டும், அந்தச் சோம்பலில்தான் பார்க்காமல் விடுகிறோம். படம் எடுப்பவர்களுக்கு ரிட்ராக்டர் நல்லது. கேமரா உறையில் காந்த ஸ்விட்ச் இருந்தால் மட்டும் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.

ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரிலேயே காம்பஸ் வருகிறதே, தனியாக எதற்கு என்று கேட்பார்கள். எல்லாவற்றிலும் வருவதில்லை. ஷியர்வாட்டர் டெரிக்கில் உண்டு, அதே கம்பெனியின் முதல் பெரெக்ரினில் கிடையாது. வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி கையில் இருப்பது டிஜிட்டல். சாய்வை அதுவே சரிக்கட்டிக்கொள்கிறது. போகும் திசையைப் பதிந்து வைத்தால் திரும்பும் திசையையும் காட்டுகிறது. காந்தச் சரிவு பற்றிய என் கவலை எதுவும் அதற்கு இல்லை. ஆனால் அதற்குக் கேலிபரேஷன், அதாவது திசை அளவைச் சரிசெய்வது, செய்ய வேண்டும். ஒருநாள் அவன் அதைப் படகிலேயே, எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தான். கீழே போனதும் என் காம்பஸுக்கும் அவனுடையதற்கும் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம். "அக்கா, யாரோடது சரி?" என்று ஸ்லேட்டில் எழுதிக் காட்டினான். அன்று என்னுடையதை நம்பி வந்தோம், கயிறு கிடைத்தது. கரைக்கு வந்து மணலில் நின்று மறுபடி கேலிபரேஷன் செய்ததும் இரண்டும் ஒத்துப்போயின. கம்ப்யூட்டரில் இருந்தால் அதைப் பயன்படுத்தப் பழகுங்கள், ஆனால் பேட்டரி தேவையில்லாத ஒன்றும் கையில் இருக்கட்டும்.

இரும்பு பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே நாம் பெரும்பாலும் முதுகில் கட்டுவது அலுமினியச் சிலிண்டர், அதனால் அது காம்பஸைத் தொந்தரவு செய்யாது. கப்பல் சிதைவு வேறு. இலங்கையில் பாசிக்குடாவுக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கிடக்கிறது. அங்கே டைவ் போனோம். மட்டக்களப்புக்காரர் ஒருவர்தான் கூட்டிப்போனார். இறங்கும் முன்பே சொன்னார்: "இரும்புக்குக் கிட்ட காம்பஸ நம்பாதீங்க அக்கா." கப்பல் பக்கச் சுவரை ஒட்டி நேர்கோட்டில் நீந்திக்கொண்டே தட்டைப் பார்த்தேன். நான் திரும்பவே இல்லை, தட்டு மட்டும் மெல்ல நகர்கிறது, பிறகு திரும்பி வருகிறது. எந்தக் காம்பஸாக இருந்தாலும் அங்கே இதுதான் நடக்கும். கப்பலை விட்டுத் தள்ளி வந்து எடுத்த எண்தான் உதவியது. டெம்பிள் ரீஃபிலும் இப்போது நான் திட்டை ஒட்டி நின்று வளையத்தைத் திருப்புவதில்லை. மணலுக்கு வந்து, இரண்டு மூச்சு நின்று, தட்டு அடங்கிய பிறகுதான்.

விலை எனக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் டைவ் போய், வழிகாட்டி பின்னாலேயே போகிறவர் இதை வாங்க வேண்டியதில்லை. தானாகப் போய்த் தானாகத் திரும்ப நினைக்கிறவர் முகமூடிக்கு அடுத்து வாங்க வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வளையத்தைச் சுற்றிச் சுற்றிக் கழுவுங்கள். மணல் துகள் ஒன்று இடுக்கில் போனாலும் கிளிக் இறுகிவிடும். போன், ஸ்பீக்கர், வண்டியில் மாட்டும் காந்த போன் ஸ்டாண்ட் இவற்றின் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். பலமான காந்தம் பட்டால் வடக்கும் தெற்கும் இடம் மாறிப்போன காம்பஸ்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் படகு ஏறும் முன் ஜெட்டியில் நின்று சூரியன் உதிக்கும் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன். அரை நிமிடம்கூட ஆகாது.

பழைய காம்பஸைத் தூக்கிப் போடவில்லை. பள்ளி ஆய்வகத்தில், காந்தச் சரிவை அளக்கும் கருவியான சரிவு வட்டத்துக்கு எட்ட ஒரு மூலையில் இருக்கிறது. காந்தச் சரிவு பாடம் வரும்போது பிள்ளைகள் கையில் கொடுக்கிறேன். மட்டமாக வைத்துத் தெற்குப் பக்கம் தாழ்வதைப் பார்க்கிறார்கள், சாய்த்துத் திரும்பித் தட்டு நிற்பதைப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் கேட்டாள்: "அப்ப நார்வேக்குக் கொண்டுபோனா இது சரியா நிக்குமா மிஸ்?" நிற்கும் என்றேன்.